மனு போய்ச் சேர்ந்த இடம்

ஒட்டுக் கேட்கும் புத்தியால், இறங்க வேண்டிய கீழ்வேளூரைத் தாண்டித் திருவாரூர் வரை போய்விட்டேன். பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த குத்தகை விவசாயி ஒருவர், "எம்.எல்.ஏ. என்னை 'வாங்க'ன்னாரு. அப்பவே பயந்துட்டேன்," என்றார்.

"ஏங்க?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"பண்ணை வீட்டுல 'வாடா'தான். கட்சி ஆபீசுல நாற்காலி, டீ எல்லாம். நிலத்தை விட்டு வெளியேத்துறாங்கன்னு மனு குடுத்தேன். உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாரு."

"யாருக்கு?"

"நிலத்துக்காரருக்கு."

"நிலம் யாருதுங்க?"

"அந்த எம்.எல்.ஏ.வோடதுதான். தேருக்கு முதல் வடம் பிடிக்கிறதும் அவருதான்."

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சு. நடவுக்குள்ள காலி பண்ணணுமாம். அதையும் மரியாதையாத்தான் எழுதியிருக்காரு."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன்.

"எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டாரு, நீங்க ஒட்டுக் கேட்டீங்க. அந்த மனுஷனுக்கு நிலம் போச்சு," என்றாள்.