நீலச் சட்டை வைரஸ்

— மெதுவாப் பேசுங்க ஜீவா. நம்ம கம்பெனி ஆளுங்க யாராவது காதுல போட்டுக்கப் போறாங்க.

— எல்லாரும் முன்னாடி பெட்டியில ஏறியாச்சு வெண்ணிலா. இங்க நாம ரெண்டு பேரு, அந்தப் பூக்கார அம்மா, அவங்களும் தூங்கறாங்க. ஆமா, நீங்க ஏன் இன்னிக்கு லேடீஸ்ல ஏறல?

— கூட்டம்.

— மறைமலை நகர் ஸ்டேஷன்லயா? லேடீஸ் பெட்டியிலயா?... சரி. கூட்டம்.

— அதை விடுங்க. காலைல உங்க டிராயிங் செக்‌ஷன்ல என்னதான் நடந்துச்சு? எங்க டாக்குமென்ட் ரூம்ல ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க.

— என் கம்ப்யூட்டர்ல வைரஸ்.

— ஐயோ. பெருசா?

— சின்னதுதான். ஒரே ஒரு வரி.

— வரியா? வைரஸ்னா எல்லாத்தையும் அழிக்கும்னுதானே சொல்வாங்க...

— இது அழிக்கல. பேசுச்சு. கேளுங்க. பூனாலேர்ந்து கஸ்டமர் ஆடிட்டுக்கு ஒருத்தர் வந்தாரில்ல, அவருக்கு ஏதோ டிராயிங் பாக்கணுமாம். என் வண்டி லேட்டு. நம்ம தோத்தாத்ரி சார், சிஸ்டம்ஸ் மேனேஜர் ஆச்சே, பெருமையா என் சீட்ல உக்காந்து அவரே கம்ப்யூட்டரை ஆன் பண்ணிருக்காரு. ஆன் ஆனதும், யாரும் எதையும் தொடாமலே, ஒரு ஃபைல் தானாத் திறந்துச்சாம். இங்கிலீஷ் எழுத்துல தமிழ்.

— என்னன்னு?

— 'நீலச் சட்டை போடாதே. பேங்க் கேஷியர் மாதிரி இருக்கே.'

— க்ஹ்... க்ஹும்... க்ஹும்...

— என்னாச்சு? இந்த இருமல் இருமறீங்க?

— ஒண்ணுமில்ல. வேர்க்கடலை. புரை ஏறிடுச்சு.

— தண்ணி குடிங்க... இன்னிக்கு சார் என்ன கலர் சட்டை போட்டிருந்தாரு, கவனிச்சீங்களா?

— ஐயையோ.

— அதேதான்.

— அவரு தனக்குன்னு நினைச்சுக்கிட்டாரா?

— வேற யாருக்குன்னு நினைப்பாரு? அவர்தானே அங்க நீலமா உக்காந்திருந்தாரு. பூனாக்காரர் வேற, என்ன எழுதியிருக்குன்னு இங்கிலீஷ்ல கேட்டிருக்காரு. சார் சமாளிச்சு, உங்களுக்கு வரவேற்புன்னு சொல்லியிருக்காரு.

— பாவம் சார்.

— மத்தியானம் மாமிக்குப் போன் போட்டு, அந்தச் சட்டை அவ்வளவு மோசமாவா இருக்குன்னு கேட்டாராம். ஸ்டோர்ஸ் ரத்தினம் அண்ணன் காதால கேட்டிருக்காரு.

— சிரிக்காதீங்க.

— நான் எங்க சிரிக்கறேன்? நீங்கதான் துப்பட்டாவை வாயில வச்சுக்கிட்டு குலுங்கறீங்க.

— சரி சரி... இதுதான் முதல் தடவையா, இந்த வைரஸ்?

— ஏன் கேக்கறீங்க?

— சும்மாதான்.

— தீபாவளிலேர்ந்து வருது. தினம் காலைல ஒரு வரி. 'டீயில சக்கரையைக் குறை'ன்னு ஒரு நாள். 'நேத்து ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தே'ன்னு ஒரு நாள். 'தண்ணி லாரி விடிகாலைலதான் வந்துச்சு, குடம் தூக்கித் தூக்கி முதுகு போச்சு'ன்னு ஒரு நாள்.

— வைரஸுக்கு எதுக்குத் தண்ணி லாரி?

— அதான் நானும் யோசிச்சேன். மேடவாக்கம் பக்கம் குடியிருக்கற வைரஸ் போல.

— மேடவாக்கத்துல என்னை விட்டா எவ்வளவோ பேர் இருக்காங்க.

— இருக்காங்க, இருக்காங்க. நான் ஒண்ணும் சொல்லலையே. 'தலைக்கு எண்ணெய் வச்சா நல்லாத்தான் இருக்கே'ன்னு ஒரு நாள் வந்துச்சு. அன்னைலேர்ந்து ஒழுங்கா எண்ணெய் வைக்கறேன்.

— தெரியும்... அதாவது, தெரியுது. பளபளன்னு.

— காட்டாங்கொளத்தூர் போயிடுச்சா?

— எப்பவோ. பேச்சை மாத்தாதீங்க. ஜெபராஜ் அண்ணன் விஷயம் உண்மையா?

— உங்களுக்கு யார் சொன்னா?

— ரிசப்ஷன் ஹில்டா. நம்ம கம்ப்யூட்டர் எல்லாம் பாத்துக்க வராரே ஜெபராஜ், அவரு சாயங்காலம் வரைக்கும் கூட இருக்கல, பையை மாட்டிக்கிட்டு யார் முகத்தையும் பாக்காம போனாருன்னு சொன்னா. எப்பவும் அவகிட்ட நின்னு பேசிட்டுப் போற மனுஷன்.

— ம்... ஆடிட் ஆளு சிரிச்சுக்கிட்டே ஒரு கேள்வி கேட்டுட்டாரு. ஆன் பண்ணா தானா ஏதோ திறக்குதே, எங்க டிராயிங் எல்லாம் உங்ககிட்ட பத்திரமா இருக்கான்னு. சாருக்கு வேர்த்துடுச்சு. என் கம்ப்யூட்டரை நோண்டிப் பாத்தா, ஜிப் ஃபைல் விரிக்கற சாஃப்ட்வேர் பழசு. ஓட்டை இருக்கற பழசு. பொங்கல் கழிஞ்சதும் எல்லா கம்ப்யூட்டர்லயும் புதுசு போட்டாச்சுன்னு ஜெபராஜ் சொல்லியிருந்தாரு. அப்ப பொய்தானேன்னு, திங்கக்கிழமைலேர்ந்து வர வேணாம்னு சொல்லிட்டாரு.

— ஒரே வார்த்தையிலயா?

— ஒரே வார்த்தையில.

— அவரு நம்ம கான்ட்ராக்டை நம்பி இன்னொரு கம்பெனியை விட்டாரு ஜீவா. என்கிட்டயே சொன்னாரு.

— தெரியும்... கடலை சாப்பிடலையா?

— வேணாம்... ஜீவா, நான் ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல.

— கோவப்படவும் கூடாது.

— பட மாட்டேன்.

— நடுவுல பேசவும் கூடாது.

— ...

— அது வைரஸ் இல்ல. நான்தான்.

— ...

— இப்பப் பேசலாம்.

— பொத்தேரி வந்துடுச்சு.

— ஜீவா, நான் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு சொல்றேன், நீங்க ஸ்டேஷன் பேரைப் படிக்கறீங்க.

— இல்ல... எப்படிச் செஞ்சீங்கன்னு யோசிச்சேன். நீங்க கீழ, நான் மாடியில. என் கம்ப்யூட்டரை நீங்க தொட்டதே கிடையாதே.

— தோத்தாத்ரி சார்தான் சொல்லிக் குடுத்தாரு.

— யாரு, சாரா?

— நேரா இல்ல. போன வருஷம் ஒரு சர்க்குலர் வந்துச்சே, ஜிப் ஃபைல் ஜாக்கிரதைன்னு. டைப் பண்ணது நான்தான். ஜிப்புக்குள்ள இருக்கற ஃபைலோட பேர்லயே, அது எங்க போகணும்னு வழியையும் எழுதி வைக்கலாமாம். பழைய சாஃப்ட்வேர் அதை அப்படியே நம்பிடுமாம். நீங்க ஒரு ஃபோல்டர்லதான் விரிப்பீங்க. அது அதை விட்டு வெளியில ஏறிப் போய், கம்ப்யூட்டர் ஆன் ஆனா தானாத் திறக்கற ஃபோல்டர் இருக்கில்ல, அங்க கொண்டுபோய் வச்சுடும்.

— கேக்கவே கேக்காதா?

— கேக்காது. கூரியர்காரர்கிட்ட பார்சலை வாட்ச்மேன்கிட்ட குடுங்கன்னு சொல்லியிருப்போம். அவரு, மேல இப்படித்தான் எழுதியிருக்குன்னு நேரா நம்ம சமையல்கட்டுக்கே வந்து வச்சுட்டுப் போனா எப்படி இருக்கும், அந்த மாதிரி.

— அதனால யாரும் அப்படிச் செய்யக் கூடாதுன்னுதானே சர்க்குலர்?

— ஆமா. ஆனா சார் அவ்வளவு விளக்கமா எழுதியிருந்தாரு, முதல்ல இது, அப்புறம் இதுன்னு. டைப் பண்ணிட்டு கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல.

— நாங்க எல்லாம் எச்சரிக்கைன்னு படிச்சோம். நீங்க ரசப்பொடி அரைக்கற முறைன்னு படிச்சிருக்கீங்க.

— கிண்டல் பண்ணுங்க. தினம் சாயங்காலம் கஸ்டமர் டிராயிங்கை ஜிப் பண்ணி உங்க செக்‌ஷனுக்கு அனுப்பறது என் வேலைதானே. உங்களுக்குப் போறதுல மட்டும் என் ஒரு வரியையும் சேத்துக் கட்டிடுவேன். வெறும் எழுத்துதான் ஜீவா, வேற எதையும் தொடல. சத்தியமா.

— நேர்ல சொல்லியிருக்கலாமே. கேன்டீன்ல எதிர்லதானே உக்காருவீங்க.

— கேன்டீன்ல அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கிட்டு இருப்பாங்க. மெயில் போட்டா சாருக்கு ஒரு காப்பி போகுது. போன்ல மெசேஜ் அனுப்பினா எங்க அண்ணன் எடுத்துப் பாக்கறான். எனக்கு உங்ககிட்ட பேசணும்னு இருந்துச்சு, வேற வழி தெரியல. அவ்வளவுதான். பயப்படாதீங்க. பதில் ஒண்ணும் கேக்கல.

— நான் பயப்படல.

— நாளைக்கு முதல் வேலையா சார் ரூமுக்குப் போய் சொல்லிடறேன்.

— வேணாம் வெண்ணிலா.

— வேணும். நான் விளையாடினதுக்கு ஜெபராஜ் அண்ணன் வீட்டு அடுப்பு அணையக் கூடாது.

— நீங்க இன்னும் பர்மனென்ட் ஆகல. கஸ்டமர் டிராயிங் இருக்கற ஜிப்புல கை வச்சேன்னு சொன்னா, அடுத்த வார்த்தை பேச விட மாட்டாங்க. நேரா கேட்டுக்கு வெளியிலதான்.

— தெரியும். எங்க அண்ணனுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும். கேன்டீன்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே, வேலையை விடு, அந்த ஓசூர் மாப்பிள்ளைக்கு சரின்னு சொல்லுன்னு தினம் நச்சரிக்கறான். வேலையும் இல்லன்னா நான் எதைச் சொல்லி அவனைத் தள்ளிப் போடறது?

— அழறீங்களா?

— காத்து. அந்த ஜன்னலை இறக்குங்க.

— அது இறங்காது. மாட்டிக்கிச்சு.

— அப்ப அழறேன். போதுமா?

— வெண்ணிலா...

— ஆனா ஒண்ணு சொல்றேன், ஜெபராஜ் அண்ணனும் கொஞ்சம் பாத்திருக்கலாம். அத்தனை கம்ப்யூட்டர்ல புதுசு போட்டவரு, உங்களதை மட்டும் எப்படி மறந்தாரு? மறந்தேன் சார்னு உண்மையைச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு தூரம் போயிருக்காது.

— அவரு மறக்கல.

— என்ன?

— போட்டாரு. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்.

— பின்ன எப்படி உங்ககிட்ட பழசு இருக்கு?

— கூடுவாஞ்சேரில ஏறினவங்க நிக்கறாங்க பாருங்க, கொஞ்சம் நகருங்க.

— அவங்க உக்காந்தாச்சு. மழுப்பாதீங்க. ஊரப்பாக்கம் வருது, நீங்க இறங்கணும். சொல்லிட்டு இறங்குங்க.

— இறங்கல. தாம்பரம் வரைக்கும் வரேன்.

— எதுக்கு?

— நீங்க நாளைக்கு சார் ரூமுக்குப் போக வேண்டாம்னு சொல்றதுக்கு. நான் போயிட்டு வந்துட்டேன். சாயங்காலம் மணி அடிக்கறதுக்கு முன்னாடியே.

— போய்?

— ஜெபராஜ் பொய் சொல்லல சார், அவர் போட்ட புதுசை எடுத்துட்டு பழசைத் திரும்பப் போட்டது நான்தான்னு சொன்னேன். சார் என் எதிர்லயே அவருக்குப் போன் பண்ணாரு. திங்கக்கிழமை வழக்கம் போல வாங்கன்னு சொல்லிட்டாரு. மன்னிப்புகூட கேட்டாரு, கொஞ்சம் முணுமுணுன்னு.

— இதை வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் வாயைத் திறக்கல? என்னை அழ விட்டு வேடிக்கை பாத்தீங்களா?

— நான்தான்னு உங்க வாயால ஒரு தடவை கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு. தப்புதான்.

— தப்புதான். பெரிய தப்பு... உங்களை என்ன பண்ணாரு?

— திங்கக்கிழமைலேர்ந்து ஸ்டோர்ஸ். ரத்தினம் அண்ணன்கூட நட்டு போல்ட்டு எண்ணணும். அங்க கம்ப்யூட்டரே கிடையாது.

— ஸ்டோர்ஸா? எவ்வளவு நாளைக்கு?

— சொல்லல.

— என் பேரு?

— கேட்டாரு, அந்த வரியை யாரு எழுதினதுன்னு. தெரியாதுன்னு சொன்னேன். அவரும் இனிமே கிளற மாட்டாரு. கிளறினா எம்.டி. முன்னாடி அந்தச் சட்டை கதையைச் சொல்ல வேண்டி வரும்.

— விளையாடாதீங்க ஜீவா. அந்த டிராயிங் சீட்டுக்கு நீங்க எவ்வளவு நாள் காத்துக்கிட்டு இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். சர்க்குலரை நீங்களும்தான் படிச்சீங்க. மாட்டினா என்ன ஆகும்னும் தெரியும். தெரிஞ்சே எதுக்கு அந்தப் பழசை எடுத்துப் போட்டீங்க?

— புதுசு போட்ட மறுநாள் காலைல ஆன் பண்ணேன், ஒண்ணுமே வரல. அடுத்த நாளும் வரல. கோவமா, அந்த ஓசூர்காரனுக்கு சரின்னு சொல்லிட்டியான்னு நினைச்சு நினைச்சு ரெண்டு நாளும் சோறு இறங்கல எனக்கு. அப்புறம்தான் சர்க்குலர் ஞாபகம் வந்துச்சு. நீ எழுதிக்கிட்டுதான் இருக்கே, அந்தப் புதுசுதான் உன்னை உள்ள விடலன்னு புரிஞ்சுது. அன்னிக்கே அதைத் தூக்கிட்டேன் வெண்ணிலா.