மூச்சை விட்டபின் எடுத்த படங்கள்

“தேன்கூடுதான் தம்பி, கண்ணு நல்லாத் தெரியுதா...”

“தெரியுது மேடம், அதனாலதான் சொல்றேன், வெறும் தேன்கூடு இல்ல...”

“முப்பது வருஷமா நுரையீரல் ஸ்கேன் பாக்குறேன்...”

“அதெல்லாம் வேற ஆளுங்க நுரையீரல் மேடம்.”

ஸ்கேன் அறையில் எல்லோரும் சிரித்தார்கள், காபி கொண்டுவந்த ஆயா உட்பட. முதுகுக்குப் பின்னால் சிரித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. காது கேட்காத மாதிரி இருந்துவிடலாம். இது மூஞ்சிக்கு நேரே.

படம் ஒரு தையற்காரருடையது. தைத்த நேரம் போக, மொட்டைமாடியில் புறா வளர்ப்பவர். நுரையீரலின் அடியில் தேன்கூடுபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது. காரணம் தெரியாத தழும்பு நோய், செய்வதற்கு அதிகமில்லை என்றேன் நான். புறாத் தூசியால் வந்தது, புறாக்களை விலக்கினால் மனுஷன் இன்னும் பல வருஷம் இருப்பார் என்றான் சின்ன டாக்டர். தீர்த்துக்கொள்ள வழி இருந்தது. மூச்சை முழுக்க வெளியே விடச் சொல்லி மறுபடி படம் எடுப்பது. தூசி நோயென்றால் காற்று வெளியேறாமல் அங்கங்கே கறுப்புத் திட்டாக நின்றுவிடும்.

எடுத்தார்கள். முதலில் திறந்து பார்த்தது நான்தான். ஒட்டுப்போட்ட துணி மாதிரி, திட்டுத் திட்டாகக் கறுப்பு.

அழித்துவிட்டேன். துறைத்தலைவிக்கு அந்த வசதி உண்டு.

“இருமிட்டாரு, படம் ஆடிப்போச்சு” என்றேன். திரும்ப எடுக்கலாமே என்றான். நோயாளிக்கு வீணாக எதற்குக் கதிர்வீச்சு? அந்த விஷயத்தில் நான் கறார்.

தையற்காரர் வெளியே பெஞ்சில் இருந்தார். என் கோட்டின் தோள் ஒரு விரல் பெரிது என்று பார்த்ததுமே சொன்னார். தொழில் தெரிந்த ஆள்.

“டாக்டரம்மா, புறாவை எல்லாம் யாருக்காவது குடுத்துடச் சொல்றா வீட்டுல. குடுத்துடட்டுமா?”

“அதுங்க என்ன பண்ணுச்சு பாவம், வச்சுக்குங்க.”

வேறென்ன சொல்ல? அறிக்கையில் கையெழுத்துப் போட்டாயிற்று.

பதினொரு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். செய்வதற்கு அதிகமில்லை என்று நான் எழுதியபடியே நடந்தது. அதன்பிறகு அறையில் யாரும் சிரிக்கவில்லை. படங்களை அழித்தது யாரென்று கணினி குறித்து வைத்திருக்கிறது என்று விசாரிக்க வந்த நீங்கள் சொல்கிறீர்கள். நான்தான். ஆனால் மிச்சமிருக்கிற படங்களை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், நான் படித்ததில் ஒரு பிழை கிடையாது.

கொடுத்துவிடச் சொன்ன அவர் மனைவியே இப்போது அந்தப் புறாக்களை அவர் ஞாபகமாகக் கொடுக்க மனமில்லாமல் வளர்க்கிறாராம், இப்போது அவருக்கும் வறட்டு இருமலாம். நீங்கள்தானே சற்றுமுன் சொன்னீர்கள்.

“அந்தம்மாவுக்குப் படம் எடுத்தா எங்கிட்டயே அனுப்பச் சொல்லுங்க சார், அந்தக் குடும்பத்தை எனக்கு நல்லாத் தெரியும்.”