சொந்த அப்பன் சேவையில் சேர்த்தியில்லை

முதலிபாளையத்தில் ஷிப்ட் முடிந்து ஏறிய இரண்டு பெண்கள் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். தலைமுடியெல்லாம் பனியன் பஞ்சு.

"ஏனுங்க்கா, எங்கூட்டுக்காரர உங்க புள்ளயும், உங்க சின்னவன எம்புள்ளயும் மாத்திப் பாத்துக்கறது சரிப்பட்டு வரலீங்க," என்றாள் இளையவள். அதற்குமேல் என் காது வேறெங்கும் போகவில்லை.

"ஏன் அம்மிணி? நீதான அந்த ரோசனையச் சொன்ன?"

"பின்ன என்னங்க பண்றது? படுத்த படுக்கையாக் கெடக்கற அப்பனுக்கு எம்புள்ளதான் பீ மூத்திரம் அள்றா. சொந்த ஊட்ல செய்யறது சேவையாகாதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிப்போட்டாங்க. வெளியாளுக்குச் செஞ்சாத்தான் உலகக் குடிமகள்னு பேட்ஜ் குத்துவாங்களாமா."

"எம்புள்ளைக்கும் அதேதான் சொன்னாங்க. நடக்க முடியாத தம்பியத் தூக்கிச் சுமக்கறது சேர்த்தியில்லையாம். சரி, என்ன ஆச்சு?"

"நேத்துக் காலைல உங்க புள்ள வந்து கஞ்சி ஊட்டுனா. அவரு வாயவே தொறக்கலீங்க. பள்ளிக்கூடத்துல போட்டோ கேட்டாங்கன்னு எம்புள்ள கதவோரமா நின்னு போன்ல எடுத்தா. அவரு எம்புள்ளையவே பாத்துட்டுக் கெடந்தாரு. பேச்சுத்தான் வராதே."

"போட்டோ நல்லா வந்துச்சா?"

"வந்துச்சுங்க. டீச்சர்கூட நல்லாருக்குன்னாங்களாம். உங்க புள்ளைக்குப் பேட்ஜ் கெடச்சுருமுங்க."

பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றது. மூத்தவள் இறங்க எழுந்தாள்; இளையவள் எழுந்திருக்கவில்லை.

"பொழுதுசாய எம்புள்ள எப்பவும்போல கஞ்சி கொண்டு போனாங்க. அவளுக்கும் அவரு வாயத் தொறக்கல."