எதிர்வீட்டுத் தையல்காரர்

ஓர் ஆளைக் கதைக்குள் கொண்டுவருவதற்கு முன்னால் அவருடைய செருப்பைக் கொண்டுவர வேண்டும். எழுத ஆசைப்படுகிற எவருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை அதுதான். வார் பிய்ந்த செருப்பா, தரையில் இழுபடுகிற செருப்பா என்று தெரிந்துவிட்டால் ஆள் தானாக வந்து நிற்பார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள் அல்லவா, இன்ஸ்பெக்டர் அம்மா, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வாக்குமூலத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று எழுதிக்கொள்கிற காவலர் முகத்தைச் சுளிக்கிறார். என் கதைகளைத் திருப்பி அனுப்பிய பதிப்பாளர்களுக்கும் அதே முகம்தான் இருந்திருக்கும்.

தண்ணீர் மோட்டார் கம்பெனியில் உபயோகக் குறிப்பு எழுதுவது என் வேலை. உலகத்தில் பாதிப் பேர் என் எழுத்தைப் படித்துத்தான் குளித்தார்கள்; ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. ஓய்வு பெற்றதும் நாவல் எழுதினேன். போன வேகத்தில் திரும்பி வந்தது. தபால்காரர் வாசலில் நின்று, "சார், மறுபடியும் வந்துடுச்சு" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார். என் ஆட்களுக்கு உயிர் இல்லையாம், துணிக்கடைப் பொம்மை மாதிரி நிற்கிறார்களாம். சரி, மனைவிக்காவது படித்துக் காட்டலாம் என்றால் முதல் பக்கம் முடிவதற்குள் குறட்டை. அது தெருமுனை வரை கேட்கும். விழித்தால், "உங்க மோட்டார் குறிப்பே தேவலாம்ங்க, அதுலயாவது கடைசியில தண்ணி வரும்" என்பாள்.

பிறகு அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் தெரிந்தது. சர்க்கரை அடங்கியதும் அழைத்து வாருங்கள், எடுத்துவிடலாம், சின்ன வேலைதான் என்றார் கண் டாக்டர். மாடிப்படி ஏற முடியாதவளுக்காகத் தரைத்தளத்தில் வேறு வீடு பார்த்தேன். குடிவந்த அன்று ஜன்னலோரம் உட்கார்ந்து, "யாரோ செருப்பை இழுத்துக்கிட்டுப் போறாங்களே, யாருங்க?" என்று கேட்டாள். எதிர்வீட்டுத் தையல்காரர் என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பெரிய பொய்யை மாட்டுவதற்குச் சின்ன உண்மை ஆணி ஒன்று போதும். கிளம்ப மறுத்து உறுமிய ஏதோ ஒரு ஸ்கூட்டர் மருந்துக்கடைக்காரியின் ஸ்கூட்டர் ஆயிற்று. ஆளைப் படைத்தால் அவருக்கு ஓர் ஆசையையும் கொடுக்க வேண்டும், ஆனால் அதைக் கைக்கு எட்டவிடக் கூடாது. தையல்காரருக்கு அவள்மேல் ஆசை. சொல்ல வாய் வரவில்லை. விடிந்ததும் விடியாததுமாக என் மனைவி கேட்பாள்: "இன்னைக்காவது வாயைத் திறந்தாரா அந்த மண்ணாங்கட்டி?" குறட்டை நின்றுவிட்டது. எனக்கு ஒரு வாசகி கிடைத்துவிட்டாள்.

சர்க்கரையும் அடங்கியது. அங்கேதான் சிக்கல். அரை மணி நேர அறுவை சிகிச்சையில் ஒரு தெருவே அழிந்துபோகும். அதற்கு யாருக்கு மனசு வரும்? ஆகவே நான் ஒரு பெரிய டாக்டரைப் படைத்தேன். பரிசோதனைத் தாள்களை அவரிடம் தனியாகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்ததாகச் சொன்னேன். கண் நரம்பு பட்டுப்போய்விட்டது, இனி பயனில்லை என்று சொல்லும்போது அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றேன். அவருடைய அம்மாவுக்கும் இப்படித்தான் ஆனதாம். அழுகிற டாக்டரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். என் மனைவி, "பாவம்ங்க, அவரை ஏன் சங்கடப்படுத்தினீங்க" என்றாள். இன்றுவரை நான் படைத்ததில் அவர்தான் சிறந்தவர்.

படைத்த உலகத்துக்கு எல்லை வேண்டும். வாசலில் மூடாத சாக்கடை ஒன்று வெட்டினேன், கடிக்கிற நாய் ஒன்றைக் கட்டினேன், எல்லாம் வாயால்தான். கண் தெரிந்த காலத்தில் சந்தைக்குத் தனியாகப் போய் நாலு கடைக்காரரை அழவைத்துப் பேரம் பேசியவள், அதற்குப் பிறகு வாசற்படி தாண்டவில்லை.

கதையை உச்சத்துக்குக் கொண்டுபோகிற அவசரத்தில்தான் பிசகினேன். தையல்காரருக்கு எது போனால் எல்லாம் போகும்? கண்தானே. அவர் கண்ணும் மங்கிவிட்டது, சிகிச்சைக்குக் கையில் காசில்லாமல் தவிக்கிறார் என்று சொல்லிவைத்தேன். எழுதுகிறவன் எதைப் பூட்டிவைக்கிறானோ அதுதான் முந்திக்கொண்டு வெளியே வரும். எழுத வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளியூரிலிருந்து அவளுடைய தம்பி வந்திருந்தான். நான் கடைக்குப் போயிருந்த நேரம். வளையலைக் கழற்றி அவனிடம் கொடுத்திருக்கிறாள்: "எதிர்வீட்டுத் தையல்காரர்கிட்ட குடுத்துட்டு வாடா. எனக்குத்தான் இல்லேன்னு ஆயிடுச்சு, அவருக்காவது பார்வை வரட்டும்."

நான் திரும்பி வரும்போது மைத்துனன் வளையலும் கையுமாகத் தெருவில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தான்.

"மாமா, எதிர்ல வீடே இல்லையே. கோடி வரைக்கும் கிடங்குச் சுவர்தானே இருக்கு?"

மறுநாளே அவளைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். இடது கண்ணுக்குப் பார்வை வந்துவிட்டது. முற்றவிட்டதில் வலது கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டதாம். ஆக, என் பெரிய டாக்டர் சொன்னது பாதி சரி. இதை யாரும் பாராட்டவில்லை.

நேற்றுக் கட்டுப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைத் திறந்தாள். அந்தச் சுவரைச் செங்கல் செங்கலாகப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு குலுங்கி அழுது, "என்னை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடுடா" என்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மைத்துனன் கொடுத்த புகாரில் இருப்பது சரிதான், பார்வை வரும் என்று தெரிந்தே மறைத்தது நான்தான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள். ஆனால் கண் போன வருத்தத்தில் அழுதாள் என்று காவலர் எழுதியிருப்பது தவறு, அதைத் திருத்திவிடுங்கள். அவள் அழுதது தையல்காரருக்காக. முதல் பக்கத்திலேயே தூங்கிவிடுகிறவள், அம்மா, கடைசிப் பக்கத்தில் அழுதிருக்கிறாள்.