சோறு வழிக்காத நார்

மதிப்புக்குரிய நீதிபதி ஐயா,

முதல் மழை விழுந்த காலையில் சமையல் கொட்டகையில் ஐந்து பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அடுப்போரம் சமையற்காரி எர்லிந்தா. அவள் பக்கத்தில், விறகுக் கட்டின் மேல், அவள் புருஷன் ஃபவுஸ்தோ. வலையூஞ்சலில் நிக்கானோர். தரையில் கால் நீட்டி உலீசெஸ். வாசலை ஒட்டிச் சாரல் படும் பெட்டியின் மேல் நான், லெயாந்த்ரோ கோகோம், இந்தப் பெத்தேன் காட்டு முகாமில் கயிறு திரிப்பவன். எப்போதும் எனக்கு அந்த இடம்தான் மிஞ்சும். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மற்ற மூன்று ஆண்களும் சப்போட்டா மரம் ஏறிப் பால் இறக்குபவர்கள். இடுப்பையும் மரத்தையும் வளைத்து ஒரு கயிறு. அதில் சாய்ந்து நின்று, அரிவாளால் பட்டையைக் கோணல்மாணலாகக் கீறிக்கொண்டே அறுபது அடி ஏறுவார்கள்.

பால் ஓடும் குழல்கள் பட்டைக்குள்ளேயே இருக்கின்றன. பட்டைக்கு அடியில் ஈரமாக, மெல்லிசாக ஒரு படலம் உண்டு. ஆக்குத்திசு. வெளியே பட்டையையும் உள்ளே கட்டையையும் வளர்ப்பது அதுதான். அரிவாள் அதைத் தொடாவிட்டால் காயம் ஆறும். சில வருஷத்தில் மரம் மறுபடி பால் தரும். தொட்டால் ஆறாது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது; அதனால்தான் இங்கே என்னை வாத்தியார் என்பார்கள். நிக்கானோர் ஆழமாக வெட்டுவான். போன பருவத்தில் அவன் கைப்பட்ட மரங்களில் நாற்பத்தொன்று பட்டுப்போயின. நானே நடந்து எண்ணினேன்.

அன்று அதைச் சொன்னேன்.

"மரத்துக்கும் பரீட்சை வைப்பீங்களா வாத்தியாரே?" என்றான் நிக்கானோர். "மேல ஏற தெம்பில்ல, கீழ நின்னு பாடம் எடுக்கிறாரு."

"விடுடா, காப்பி ஆறுது," என்றான் ஃபவுஸ்தோ. ஆனால் அவனும் சிரித்தான். உலீசெஸுக்குச் சிரிப்பில் புரையேறியது.

நான் செய்ததற்கும் அந்தச் சிரிப்புக்கும் சம்பந்தமில்லை. மரங்களுக்காகச் செய்தேன்.

கற்றாழை மடலில் நாரும் உண்டு, சோறும் உண்டு. நார் செத்த திசு. சுவர் தடித்து, உள்ளே வெறுமையாகி, மடலை நிமிர்த்திப் பிடிப்பதே அதன் வேலை. சோறு உயிருள்ள திசு, தண்ணீரைச் சேர்த்து வைக்கும். சோற்றை ஒட்ட வழித்து, அலசி, காயவைத்துத் திரித்தால் கயிறு ஒரு பருவம் தாங்கும். வழிக்காமல் விட்டால் மழையில் சோறு புளித்து நாரையும் அழுகவைக்கும். வெளிப்புரியைச் சுத்தமான நாரில் திரித்துவிட்டால் பார்வைக்குத் தெரியாது. நிக்கானோருக்கு அப்படித் திரித்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் முகாமில் கயிற்றை யாரும் பார்த்து எடுப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு, கண்ணை மூடிக் கைவிட்டு எடுப்பார்கள். திரிப்பவன் பாரபட்சம் காட்டக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம், நல்ல வழக்கம். எது நிக்கானோர் கைக்குப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் மூன்றையும் அதே மாதிரி திரித்தேன்.

கயிறு எடுத்த பத்தொன்பதாம் நாள் ஃபவுஸ்தோ மரத்திலிருந்து விழுந்து செத்தான்.

அரிவாள் தவறிக் கயிற்றில் பட்டிருக்கும் என்றார்கள். அப்படி விழுகிறவர்கள் உண்டு. எர்லிந்தா அறுந்த கயிற்றை என்னிடம் எடுத்து வந்தாள்.

"வெட்டு எங்க வாத்தியாரய்யா? எனக்குக் காட்டுங்க."

ஓர் இடத்தைக் காட்டினேன். அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"அப்ப ஏன் புளிச்ச மாவு வாடை அடிக்குது?"

"மழை," என்றேன்.

அவள் கயிற்றை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள். மூன்று வேளையும் அதன் கீழே நின்றுதான் நான் தட்டை நீட்டுகிறேன். அவள் அவரைக் குழம்பை ஊற்றும்போது தட்டைப் பார்ப்பதில்லை, என் விரல்களைப் பார்க்கிறாள்.

இன்று இருபத்து நான்காம் நாள். கிழக்கே இரண்டு அரிவாள் சத்தம் கேட்கிறது. ஒன்று நின்றால் என் பேனாவும் நின்றுவிடுகிறது. மறுபடி கேட்டதும் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

குரல் கொடுத்து அவர்களை இறக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். கூப்பிடு தூரம்தான். ஆனால் வாயால் சொன்னால் சிரிப்பார்கள். எழுத்தில் கொடுப்பதே முறை. ஆறு நாளில் இது உங்கள் கைக்கு வந்துவிடும். நீங்கள் ஆள் அனுப்பி ஏறுவதை நிறுத்தலாம். என் கடமையை நேரத்தோடு செய்துவிட்டேன்.

சரக்கு ஏற்றிவிட்டு, இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் கழுதைக்காரன் அபெலினோ வாசலில் நிற்கிறான். "பெரியவரே, காதல் கடுதாசியா? கோவேறு கழுதைங்க நனைஞ்சு நிக்குது, சீக்கிரம்."

சற்று நேரமாக ஒரே ஒரு அரிவாள் சத்தம்தான் கேட்கிறது. மற்றவன் இளைப்பாறுகிறான் போலும்.

இத்துடன் மடித்து ஒட்டுகிறேன். வழியில் பிரியாமல் இருக்க உறையைச் சுற்றி நார் கட்டிக் கொடுக்கிறேன். சோறு துளியும் ஒட்டாமல், நானே வழித்த நார். ஆறு நாள் மழையிலும் அறாது.