நாய்க்கு எடுத்த அளவு

உட்காருங்கள் டாக்டர். நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிற உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நாய் என்றால் பயமும் இல்லை, வெறுப்பும் இல்லை. கீரை என்றால் கொஞ்சம் உயிர், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கமான மனிதர்கள். அந்த அம்மா ஆசிரியை, அவர் பஸ் டிரைவர். ஆனால் அவர்கள் நாய் தினமும் காலையில் மரவேலியின் ஓட்டை வழியாக வந்து என் கீரைப் பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டு, தக்காளிச் செடியில் காலைத் தூக்கிவிட்டுப் போகும். பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

"இந்த ஞாயித்துக்கிழமை அடைச்சுடலாம் அண்ணே" என்பார் டிரைவர். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. நானே அடைத்திருக்கலாமே என்பீர்கள். வேலி அவர்களுடையது. அடுத்தவர் பொருளில் கைவைக்கும் பழக்கம் எனக்கில்லை.

நாற்பது வருடமாகத் தையல்காரன் நான். எதையும் அளந்து பார்த்துத்தான் யோசிப்பேன். ஓட்டையின் சுற்றளவு இருபத்தெட்டு அங்குலம். நாய் மும்முரமாக மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தபோது அதன் வயிற்றைச் சுற்றி டேப்பைப் போட்டேன். இருபத்தைந்து. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டினால் போதும் என்று பட்டது.

கல்லால் அடிக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. வெண்ணெய் தடவிய ரொட்டி வைத்தேன். காலையில் நான்கு, மாலையில் நான்கு, நடுவில் ஒரு முட்டை. வாரம் ஒருமுறை வயிற்றில் நீலச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு அளவெடுத்தேன். நேற்று உங்கள் மேஜையில் நாயைப் புரட்டியபோது நீங்கள் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். துடைக்க மறந்துவிட்டேன். தொழில் தெரிந்தவன் செய்யக்கூடாத தப்பு.

இரண்டே மாதத்தில் நாய் ஓட்டையில் தலையை மட்டும் நீட்டியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் இளைக்கும், இளைத்தால் வரும். அதனால் நீட்டிய வாயிலேயே ஊட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் பத்தியம் எழுதிக் கொடுத்ததுகூட எனக்குத் தெரியாது. அந்த அம்மா போட்ட சத்தத்தில்தான் தெரிந்தது.

"டாக்டர் சொன்ன அளவுதானே நான் போடறேன்? அப்புறம் எப்படி இப்படி ஊதிப்போச்சு? நீங்கதான் திருட்டுத்தனமா போடறீங்க!"

"சத்தியமா நான் போடலை."

"சத்தியம் வேற பண்றீங்களா?"

நாய் பேச்சில் ஆரம்பித்து மாமியார், நாத்தனார் வரை போய்விட்டது. மறுநாள் டிரைவர் பெட்டியும் கையுமாக என் வாசலில் நின்றார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே வீடு திரும்பியிருப்பார். ஆனால் சொன்ன பிறகு நாய்க்கு யார் ரொட்டி போடுவது? உள்ளே கூப்பிட்டு முன்னறையைக் கொடுத்தேன். அவர் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அவரிடம் ஒரே ஒரு குறை. மனசு கனத்தால் தோட்டத்தில் இறங்கி நடப்பார். பாத்தி, வரப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நொந்துபோன மனிதரிடம் அதைப் போய்ச் சொல்ல முடியுமா? தோட்டத்துக்குப் போக இருக்கும் ஒரே வழி என் பின்கதவு, தையல் மெஷின் இடிப்பதால் அது பாதிதான் திறக்கும். அவருக்கு வந்தபோது இடுப்பு முப்பத்தாறு. இப்போது நாற்பத்தைந்து. மூன்று தடவை பேண்ட்டைப் பிரித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். "கூடப் பொறந்தவங்ககூட இப்படிப் பார்த்துக்க மாட்டாங்க அண்ணே" என்கிறார். போன வாரத்திலிருந்து தோட்டத்துப் பக்கம் போவதில்லை.

ஆமாம், நாயைப் பருக்க வைத்தது நான்தான். இவரையும் நான்தான். அந்த அம்மாவிடம் தாராளமாகச் சொல்லுங்கள். நான் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை.

வரும்போது பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொத்தமல்லியை மிதித்துக்கொண்டு வந்தீர்கள். தெரியாமல் செய்ததுதானே, பரவாயில்லை. சந்து கொஞ்சம் குறுகல். உங்களுக்கு இடுப்பு முப்பத்திரண்டு இருக்குமா? ரொம்பவும் ஒல்லி. இருங்கள், சாப்பிட ஏதாவது கொண்டுவருகிறேன்.