அஜிதனை ஏரிக்கு அழைத்துச் சென்றது நான்

மேடம், இதை நீங்கள் மட்டும் படியுங்கள். உங்களுடன் வந்து எழுதிக்கொண்ட ஏட்டையாவிடமும், முக்கியமாக என் அப்பாவிடமும் காட்ட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் பிடித்துப் போன வேடியப்பன் அண்ணனை ஸ்டேஷனிலிருந்து அனுப்பிய பிறகு யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளுங்கள். நாளை காலை பத்து மணிக்கு என்னை அங்கே வரச் சொல்லியிருக்கிறீர்கள். அப்போது இதை உங்கள் கையில் கொடுப்பேன். இன்று மாலை ஏட்டையா எங்கள் கூடத்தில் எழுதிப் படித்துக்காட்டினாரே, அந்த முறையிலேயே எழுதுகிறேன்.

என் பெயர் த்ரிசலா, வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு மாணவி. திருவண்ணாமலை வேங்கிக்காலில் புது மனைப்பிரிவு மூன்றாவது தெருவில் அப்பா விருசபதாசன், அம்மா கனகலதா, தம்பி அஜிதன் ஆகியோருடன் வசித்து வருகிறேன். அப்பா தேரடித் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நாங்கள் சமணர்கள். எங்கள் வீட்டில் மீன், முட்டை கிடையாது. இரவுச் சாப்பாட்டைப் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவோம். இருட்டிவிட்டால் மறுநாள் காலைதான் சாப்பாடு.

அஜிதனுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படிக்கிறான். அவன் வகுப்புப் பையன் ஒருவன், உங்க வீட்டுல மீனே கிடையாது, உனக்கு மீன் எப்படி இருக்கும்னே தெரியாது என்று சொல்லிவிட்டானாம். அதிலிருந்து ஒரு மாதமாக என்னிடம் மட்டும் மீன் பிடிக்கக் கூட்டிப் போ என்று கேட்டுக்கொண்டிருந்தான். இன்று சனிக்கிழமை. மதியம் மூன்றரை மணிக்கு டியூஷனுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். தம்பி எதிர்வீட்டு இனியாவுடன் விளையாடுகிறான் என்றும் சொன்னேன். இரண்டும் பொய். அவனை சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் கிரிவலப் பாதையில் உள்ள ஒரு குளத்துக்குப் போனோம். கேட் பூட்டியிருந்தது. காவலுக்கு இருந்தவர் விரட்டினார். அதன் பிறகு எங்கள் மனைப்பிரிவுக்குப் பின்னால் மழைநீர் தேங்கிய குட்டைக்குப் போனோம். அங்கே தவளைகள்தான் இருந்தன, அஜிதன் அழ ஆரம்பித்தான். அதன் பிறகு வேங்கிக்கால் ஏரியின் கலங்கல் பக்கம், உபரித் தண்ணீர் வழிந்து ஓடும் இடத்துக்குப் போனோம். கணுக்கால் அளவு தண்ணீர்தான். அவன் கையை நான் விடவில்லை.

எங்கள் தூண்டில் ஒரு மூங்கில் குச்சியும் தையல் நூலும்தான். முள் கட்டவில்லை. முள் குத்தினால் மீன் சாகும், மண்புழு கோத்தால் புழு சாகும். அதனால் நூல் முனையில் சப்பாத்தி மாவை உருட்டி ஒட்டியிருந்தேன். குட்டி மீன்கள் கூட்டமாக வந்து மாவைத் தின்றுவிட்டுப் போயின. அஜிதன் ஒவ்வொரு தடவையும் குதித்தான். இதற்கு மீன் பிடித்தல் என்று பெயரா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கள் தெருவில் தண்ணீர் கேன் போடும் வேடியப்பன் அண்ணன் சற்றுத் தள்ளி நிஜமான தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே இருப்பார் என்று எனக்கு முன்பே தெரியாது. எழுந்து வந்து எங்கள் நூலைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, முள்ளே காணோம்? மீனுங்களுக்கு அன்னதானம் போடறியா?"

அஜிதன் அவரிடம், "வரிசையில வரச் சொல்லுங்கண்ணா" என்றான். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த கொக்கு பறந்துவிட்டது.

அதன் பிறகு அவர் தன் துண்டால் ஒரு கெண்டைக் குஞ்சை உயிரோடு அள்ளி அஜிதனின் தண்ணீர் பாட்டிலில் விட்டார். நாளைக்கே திருப்பி விட்டுவிட வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கினார். நேரமாகிவிட்டது, அம்மா தேடுவார்கள், கிளம்பு என்று என்னிடம் சொன்னதும் அவர்தான். எங்களை அவர் கூப்பிடவும் இல்லை, கூட்டிப் போகவும் இல்லை.

நான் செய்த தவறு இதற்குப் பிறகு நடந்தது. தெருமுனையில் அஜிதனை இறக்கி, நீ முன்னாடி போ என்று அனுப்பினேன். டியூஷனிலிருந்து வருவது போல நான் பத்து நிமிடம் கழித்துப் போனேன். ஆனால் அப்பா சாப்பாட்டுக்காக ஐந்து மணிக்கே கடையிலிருந்து வந்து, தம்பி இனியா வீட்டில் இல்லை என்று கண்டு, தெருவெல்லாம் தேடிவிட்டுப் போலீசுக்கும் போன் செய்திருந்தார். எங்கள் வீட்டில் யாராவது அந்த நேரத்துக்கு இலை முன் இல்லையென்றால் அது சாதாரண விஷயம் இல்லை.

பாட்டிலில் மீனோடு வந்தவனிடம், யார் கொடுத்தது என்று அப்பா கேட்டார். வேடியண்ணா என்றான். அக்காவும் வந்தா என்றும் சொன்னான். அக்கா டியூஷனில் இருந்தாள், பிள்ளை பயத்தில் உளறுகிறான் என்றார் அம்மா. அதற்குள் வேடியப்பன் அண்ணன் கேன் இறக்கத் தெருவுக்கு வந்துவிட்டார். மீனைக் காட்டிப் பிள்ளையைக் கடத்தப் பார்த்தாயா என்று கேட்டு தெருக்காரர்கள் நான்கு பேர் அவரை அடித்தார்கள். சட்டை கிழிந்தது. நான் அப்போது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். "நான் கூட்டினு போவல சார்" என்று மட்டும் சொன்னார். என் பெயரைச் சொல்லவே இல்லை. ஏரிக்கரையில் ஒரு பெண் அவரோடு நின்றாள் என்றால் என்ன பேசுவார்கள் என்று யோசித்திருக்கிறார். அடி வாங்கும்போது அதை யோசித்திருக்கிறார்.

அதன் பிறகு நீங்கள் வந்தீர்கள். என்னைக் கேட்டபோது, அவள் டியூஷனில் இருந்தாள் என்று அப்பா சொன்னார், நான் தலையாட்டினேன். அது பொய்.

நீங்கள் வேடியப்பன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போன பிறகு என் சுடிதாரில் ஏரிச் சேற்றை அம்மா பார்த்துவிட்டார். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாளைக்கும் டியூஷன்ல இருந்தேன்னே சொல்லு" என்றார். "நம்ம வீட்டுப் பொண்ணு தூண்டில் புடிச்சான்னு தெரிஞ்சா நான் எப்படி ஜினாலயத்துல போய் நிப்பேன்? ரெண்டு நாள்ல அவனை விட்டுடுவாங்க."

"ரெண்டு நாள் உள்ள இருந்தவர்கிட்ட அப்புறம் யாருப்பா தண்ணி வாங்குவாங்க?" என்றேன்.

அப்பா அடிக்கவில்லை. அவர் யாரையும் அடித்ததில்லை. என் போனையும் சைக்கிள் சாவியையும் வாங்கிக்கொண்டார். கொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவரே பொய் சொல்லக் கூடாது என்றும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதலாவதை ஏரியில் காப்பாற்றினேன். இரண்டாவதை இன்று மூன்று முறை மீறினேன். நான்காவது முறை மீற மாட்டேன்.

இன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அஜிதனுக்கு மட்டும் பால் கொடுத்தார்கள். அம்மா இரண்டு தடவை மீனுக்குத் தண்ணீர் மாற்றினார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் தம்பியை ஏரிக்கு அழைத்துப் போனதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். தலையாட்டியதற்குத்தான் கேட்கிறேன், அதுவும் வேடியப்பன் அண்ணனிடம். மேலே உள்ள ஒவ்வொரு வரியும் நான் கண்டது, கேட்டது, நான் செய்தது. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. நாளை எல்லோர் முன்னாலும் கேட்டாலும் இதையே

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். இன்னும் ஏன் லைட் எரிகிறது என்று கேட்கிறார். தலையணைக்கு அடியில் வைத்தால் தெரியாது. அது நான்காவது பொய்யாகிவிடும், வைக்க மாட்டேன். கையெழுத்தை இப்போதே போட்டுவிடுகிறேன்.

வி. த்ரிசலா

மறுபடியும் தட்டுகிறார். கையில் இதை வைத்துக்கொண்டே கதவை